தனிமைத் தொட்டியும் இல்லறத்தார் கடமையும்

ஓர் உயிரை ஏனைய உயிர்களினின்று பிரித்து வைப்பது அதற்குத் துன்பமா, துணையா? இவ்வினா சாத்திர நூல்களில் மட்டும் எழுவதன்று. வீட்டுக் கூடத்தில் உள்ள மீன்தொட்டியின் முன்பும் எழுகின்றது. புதிதாக வாங்கிய மீனை நேரே பழைய தொட்டியில் விடாது, சில வாரங்கள் வேறொரு தொட்டியில் தனித்து வைக்க வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் அறிந்த விதி. அவ்விதியில் அடங்கியுள்ள அறத்தைச் சற்றே ஆராய்வோம்.

“மீனை அடைத்து வளர்ப்பதே தகாது, அதற்குள் விதி என்ன, விலக்கு என்ன?” என்று பெரியோர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. கொல்லாமை அணுவிரதத்தின் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைக் குறிக்கின்றது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகு பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கட்டிவைத்தல் அவற்றுள் முதலாவது. மீனோ ஐயறிவு உயிர். ஆதலின் வாங்காதிருப்பதே மேல் என்பது என் கருத்து. ஆயினும் பிள்ளைகளின் விருப்பத்தாலோ, பிறர் அன்பளிப்பாலோ தங்கமீனும் கப்பியும் நம் இல்லங்களுக்கு வந்துவிடுகின்றன. வந்தபின் “இது தகாது” என்று கூறி ஒதுங்கிவிட இயலாது. அவ்வுயிரின் நீரும் உணவும் அன்றே நம் கையில் அடங்கிவிட்டன.

சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வளர்க்கப்படும் வண்ணமீன், பண்ணை, மொத்தக் கடை, சில்லறைக் கடை எனப் பல கை மாறி, இறுதியில் நெகிழிப் பையில் நம் வீட்டை அடைகின்றது. அலைச்சலால் அதன் உடல் தளர்ந்திருக்கும். நோய் உள்ளே மறைந்திருக்கும். வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். ஒரே உயிரணு உடைய ஓர் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் தங்கி வளர்கின்றது. முற்றியதும் உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிளந்து பெருகுகின்றது. அக்குஞ்சுகள் வேறு மீனைத் தேடி நீந்துகின்றன. ஒரு மீனால் தொட்டி முழுவதும் மடிவது இவ்வாறுதான்.

தனிமைத் தொட்டிக்குப் பெருஞ்செலவு இல்லை. சிறுமீன் ஓரிரண்டுக்கு நாற்பது லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். அடியில் கூழாங்கல் வேண்டா. கழிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டோ, குழாய்த் துண்டோ இடல் வேண்டும். மறைவிடம் இல்லா மீன் அஞ்சியே நலியும். அதற்கெனத் தனிக் கைவலை, மேலே ஒரு மூடி, காற்றடிக்கும் மோட்டாருடன் இணைந்த பஞ்சு வடிகட்டி ஆகியவையும் தேவை. கடையிலிருந்து வந்த பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. இரண்டு முதல் நான்கு வாரம் வரை மீன் உண்கின்றதா, மூச்சு வாங்குகின்றதா, உடலை உராய்கின்றதா என்று நாள்தோறும் நோக்க வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மீனின் செவுளிலிருந்து அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும், அது நஞ்சு. பழைய தொட்டியின் பஞ்சில் குடியேறிய நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. புதுப்பஞ்சில் அவை இல்லை. ஆதலின் சில வாரம் முன்பே அப்பஞ்சைப் பழைய தொட்டியில் இட்டுப் பழக்குதல் வேண்டும். அவசரத்தில் அமைத்த தனிமைத் தொட்டி, காக்க வந்த உயிரையே நஞ்சூட்டிக் கொல்லும். நல்லெண்ணம் மட்டும் அறமாகாது. முன்னேற்பாடும் அறத்தின் பகுதியே.

“குற்றமற்ற புதுவரவைச் சிறையிடலாமா?” என்பது ஓர் ஐயம். இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் ஒதுங்கியிருக்கச் செய்யும் சட்டத்தை 1377ஆம் ஆண்டில் இயற்றியது. 2020இல் நாமும் அவ்வாறு ஒதுங்கியிருந்தோம். வேளைக்கு உணவும் அன்பான விசாரிப்பும் கிடைத்தவருக்கு அது சிகிச்சையாயிற்று, கிடைக்காதவருக்குத் தண்டனையாயிற்று. பிரிவு ஒன்றே, பேணுதலே வேற்றுமை. தளர்ந்து வந்த மீனுக்கும் போட்டியின்றி உண்ணவும் அஞ்சாது இளைப்பாறவும் இடம் தருவது தனிமைத் தொட்டியே.

“மருந்திட்டால் நுண்ணுயிர் மடியுமே?” என்பது மற்றோர் ஐயம். மடியும். அதில் வினை இல்லையென்று நான் கூறமாட்டேன். நோயுற்ற ஐயறிவு உயிர் ஒருபுறமும், அதனைப் பற்றி வாழும் நுண்ணுயிர் மறுபுறமும் நிற்க, இரண்டையும் காக்கும் வழி நமக்கில்லை. தீங்கைச் சுருக்கும் வழியே உண்டு. தூய நீரும் ஓய்வும் முதலில். அறிகுறி தோன்றிய பின்னரே மருந்து. வெண்புள்ளி நோயில், மருந்து நீரில் நீந்தும் குஞ்சுகளையே தாக்கும். தோலுக்கடியில் உள்ளதையும் கூட்டுக்குள் உள்ளதையும் எட்டாது. ஆதலின் இடையில் நிறுத்தினால் பயனின்றி உயிர்க்கொலையே மிஞ்சும். சிறு தொட்டியில் தொடக்கத்திலேயே நோயை அடக்கினால் மடிவன சில. பெருந்தொட்டியில் பரவவிட்டால் மீனும் நுண்ணுயிரும் கணக்கின்றி மடியும்.

கவனமின்மையால் உயிரைப் போக்குவதே ஹிம்சை என்பது நம் ஆகமங்களின் தெளிவு. புதுமீனை அப்படியே பழைய தொட்டியில் கவிழ்ப்பவர் எதையும் கொல்ல நினைப்பதில்லை, கவனிக்கவும் நினைப்பதில்லை. அதுவே குற்றம். சலித்துப்போன மீனை ஏரியில் விடுவதும் கருணையன்று. தொட்டியைத் துப்புரவு செய்யுமென விற்கப்படும் அயல்நாட்டுக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டுமீன்களை நெருக்குவது கண்கூடு.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மீன் கேட்டால், முதலில் தனிமைத் தொட்டியை அமைக்கச் சொல்லுங்கள். பஞ்சு பழகும் வரை காத்திருக்கவும், நாள்தோறும் நோக்கிக் குறிப்பெழுதவும் பொறுமை உண்டா என்று பாருங்கள். பொறுமை இருந்தால், வரும் உயிர் பிழைக்கும். இல்லையேல் மீனை வாங்காது விடுங்கள். அதுவும் ஓர் உயிருக்குச் செய்த நன்மையே.