ஏட்டு அரபியும் பேச்சு அரபியும்

 



நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவோடு தொடர்பில்லாத முஹல்லா இல்லை. தக்கலை, குளச்சல், தேங்காப்பட்டணம், திருவிதாங்கோடு என எந்த ஊரிலும் சவூதி, துபாய், குவைத் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அரபியில் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் குர்ஆனைத் திறந்தால் அர்த்தம் புரியாது. மறுபக்கம், மத்ரஸாவில் ஏழு வருடம் நஹ்வும் ஸர்ஃபும் ஓதிய ஆலிம் ஜித்தாவில் டாக்ஸி பிடிக்கத் திணறுவார். இரண்டு பேரும் அரபிதான் கற்றார்கள். ஏன் இப்படி?

இதைப் புரிந்துகொள்ள நாம் வெளியே போக வேண்டியதில்லை. நம் தமிழையே பாருங்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் புத்தகத்தைப் படித்து, ‘நீங்கள் எங்கே போகிறீர்கள்?’ என்று கற்றுக்கொண்டு தக்கலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறார். இங்கே காதில் விழுவது ‘எங்க போறிய?’ என்பது. திகைத்துப் போவார். அரபியும் அப்படித்தான். ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பதற்கு ஏட்டில் ‘மாதா துரீத்’. ஜித்தா கடையில் ‘எஷ் திப்கா’. சிரியாக்காரர் ‘ஷூ பித்தக்’ என்பார். எழுத்து மொழியை ஃபுஸ்ஹா என்றும், பேச்சு மொழியை ஆம்மிய்யா என்றும் சொல்வார்கள்.

இது தவிர மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ‘மாஃபி மாலூம்’ என்று நம் தம்பிமார்கள் சொல்கிறார்களே, அது வேலைக்குப் போன பல நாட்டு மக்களும் முதலாளிமார்களும் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ள உருவான துண்டு அரபி. அரபிகள் தங்களுக்குள் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு உதவிய மொழி, அதைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம்.

இரண்டுக்கும் மார்க்கத்தில் இடமுண்டு

ஒவ்வொரு தூதரையும் அவருடைய சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பியதாக அல்லாஹ் சூரா இப்ராஹீமில் (14:4) சொல்கிறான். மக்கள் பேசும் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக சூரா ரூமில் (30:22) சொல்கிறான்.

ஸஹாபாக்கள் காலத்திலும் கோத்திரத்துக்குக் கோத்திரம் பேச்சு வேறுபட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் பிரதிகளை எழுதும் பொறுப்பை மதீனாவாசியான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடமும் குறைஷிகள் மூவரிடமும் கொடுத்தார்கள். உங்களுக்குள் கருத்து வேறுபட்டால் குறைஷிகளின் மொழிவழக்கில் எழுதுங்கள் என்றார்கள். இது புகாரியில் இருக்கிறது. பேச்சு பலவாக இருக்கலாம். எழுத்துக்கு ஒரு பொது அளவுகோல் வேண்டும் என்பது இதிலிருந்து நமக்குத் தெரிகிறது.

அதே ஸைத் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். பிறர் எழுதும், படித்துச் சொல்லும் கடிதத்தை அப்படியே நம்பிவிட முடியாது என்பது காரணம். அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதியில் வருகிறது.

வெளிநாடு போகும் தம்பிமார்களே, இந்த ஹதீஸ் உங்களுக்கானது. சவூதி தொழிலாளர் சட்டப்படி வேலை ஒப்பந்தம் அரபியில் இருக்க வேண்டும். கூடவே வேறு மொழியில் எழுதியிருந்தாலும், வேறுபாடு வந்தால் அரபி வாசகம்தான் செல்லும். கடையில் பத்து வருடம் அரபி பேசியவர், சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள் என்று எழுதிய காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார். காகிதத்தில் இருப்பது ஆம்மிய்யா அல்ல, ஃபுஸ்ஹா. நாக்கில் இருக்கும் அரபி அங்கே காப்பாற்றாது.

அஜமிகள் செய்த சேவை

‘அரபி நமக்கு வராது, அது அரபிகளின் மொழி’ என்று சிலர் சொல்கிறார்கள். அரபி இலக்கணத்தின் தலையாய நூலான ‘அல்கிதாப்’ எழுதிய ஸீபவைஹி யார்? பாரசீகர். பஸராவுக்கு மார்க்கக் கல்வி தேடி வந்தவர். ஹம்மாத் இப்னு ஸலமாவின் மஜ்லிஸில் ஒரு சொல்லின் முடிவைத் தவறாக உச்சரித்தபோது உஸ்தாத் திருத்தினார். அவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடவில்லை. இனி என்னை யாரும் பிழை பிடிக்க முடியாதபடி கற்கிறேன் என்று கலீல் இப்னு அஹ்மதிடம் போய்ச் சேர்ந்தார். இன்று அரபிகளே அவர் நூலிலிருந்து இலக்கணம் படிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் தமிழ்நாட்டு வாணியம்பாடியில் 1933-ல் பிறந்தவர் டாக்டர் வ. அப்துர் ரஹீம். 1969 முதல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அரபி கற்பித்தார். அவர்களுக்காக அவர் எழுதிய ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ மூன்று பாகங்கள், இன்று உலகெங்கும் அரபி கற்போரின் கைகளில் இருக்கின்றன. இலக்கணச் சட்டங்களை முதலில் சுமத்தாமல், வீடு, பள்ளிவாசல், கதவு, புத்தகம் என்று கண்ணால் காண்பதைச் சுட்டிக்காட்டித் தொடங்கும் நூல் அது. 2023-ல் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளியாக்குவானாக!

நாம் என்ன செய்யலாம்?

அருமைப் பெரியோர்களே, தாய்மார்களே! ஃபர்ளு தொழுகையில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத். ஒவ்வொன்றிலும் சூரா ஃபாத்திஹா. நாற்பது வருடம் தொழுதவர், அந்த ஏழு வசனங்களில் ரப்பிடம் என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். எவ்வளவு பெரிய இழப்பு!

முதலில் எழுத்தின் உச்சரிப்பைச் சரி செய்யுங்கள். நமக்கு இரண்டும் ‘கல்பு’தான். ஆனால் அடித்தொண்டையிலிருந்து வரும் காஃபில் சொன்னால் இதயம். நம் ‘க’ போலச் சொன்னால் நாய். அடுத்து ஃபாத்திஹா, ருகூவு, ஸுஜூது, அத்தஹிய்யாத் இவற்றின் பொருளைச் சொல் சொல்லாகப் படியுங்கள். சொற்கள் முழுக்கப் புதியவையும் அல்ல. அசல், நகல், பாக்கி, வசூல், ரத்து, ஆஜர் எல்லாம் அரபியிலிருந்து வந்து நம் தாலுகா ஆபீஸில் புழங்குபவைதாம்.

ஊர் திரும்பிய சகோதரர்கள் பேச்சு அரபியை மத்ரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆலிம்கள் அவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் சொல்லிக் கொடுக்கட்டும். இவரிடம் உள்ளது அவரிடம் இல்லை. அவரிடம் உள்ளது இவரிடம் இல்லை. இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் இரு தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்தால் போதும்.

வயதாகிவிட்டது, நாக்கு புரளாது என்று கவலைப்படாதீர்கள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திக்குவதற்கும் கூலி தரும் மார்க்கம் இது.

யா அல்லாஹ்! உன் வேதத்தின் மொழியை எங்கள் நாவுகளுக்கு எளிதாக்கு! அதன் பொருளை எங்கள் கல்புகளில் இறக்கு! அயல்நாட்டில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளை ஏமாற்றத்திலிருந்து பாதுகாத்தருள்! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.