பங்குதாரர் காணாத விடுதி

ஆப்பிள் தன் பெயரில் விற்கும் மடிக்கணினிகளையும் போன்களையும் தானே தயாரிப்பதில்லை. தைவானின் குவாண்டா, ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்கள் தயாரித்துத் தருகின்றன. ஃபாக்ஸ்கானுக்கு ஆள் சேர்த்துத் தருபவர் ஓர் ஒப்பந்தக்காரர். விடுதியும் சாப்பாடும் வேறொருவர் கையில். பங்கு வைத்திருப்பவருக்கு இவ்வளவும் ஆண்டறிக்கையில் அடக்கச் செலவு என்ற ஒரே வரி. அந்த வரி சுருங்கினால் லாபம் கூடும். சுருங்கிய விதத்துக்கு அவர் பொறுப்பாளியா?

கேள்வி பழையது. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயப்படாமலும் இருந்தால் பிக்கு ஊனை ஏற்கலாம் என்று இடம் தருகிறது பாலி மொழிப் பௌத்த நூலான ஜீவக சூத்திரம். தின்பவர் இல்லாவிட்டால் விற்பவர் ஏது என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் அந்த வாசலை அடைக்கிறார்.

முதலீட்டாளர்கள் பெரும்பாலும் பிக்குவின் வாசலில்தான் நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 250-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் வேலை செய்தவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் பலர் தரையில் படுத்ததும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் அப்போதுதான் வெளியே தெரிந்தன. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சப்ளையர்களுக்கான அதன் நடத்தை விதிகளோ 2005 முதல் இருப்பவை.

காணவில்லை, கேட்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஐயப்படவில்லை என்பதுதான் நிற்காது. 2010-இல் சீனாவின் ஷென்சென் ஃபாக்ஸ்கான் வளாகத்தில் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொள்ள, கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியதை உலகமே பார்த்தது.

ஆனால் வள்ளுவரின் வாதமும் இங்கே அப்படியே பொருந்திவிடாது. கறி வாங்குபவரின் காசு கறிக்கடைக்குப் போகிறது. சந்தையில் பங்கு வாங்குபவரின் காசு, அதை விற்ற இன்னொரு பங்குதாரருக்குத்தான் போகிறது. ஆப்பிளுக்கு அதில் ஒன்றும் சேராது. மனம் வெறுத்து விற்றாலும் வேறொருவர் வாங்கிக்கொள்வார். விடுதிக் குழாயில் தண்ணீர் வந்துவிடாது.

கறி தின்பவருக்கு இல்லாத ஒன்று பங்குதாரருக்கு உண்டு: ஓட்டு. அமெரிக்கத் திருச்சபைகள் முன்னின்று 1971-இல் தொடங்கிய இன்டர்ஃபெய்த் சென்டர் ஆன் கார்ப்பரேட் ரெஸ்பான்சிபிலிட்டியின் உறுப்பினர்கள், பங்கைக் கையில் வைத்துக்கொண்டே பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். அவை பெரும்பாலும் தோற்கின்றன. ஃபண்டு வழியாகப் பணம் போட்ட சிறு முதலீட்டாளருக்கு அந்த ஓட்டும் பெரும்பாலும் கையில் இல்லை. ஃபண்டு நிறுவனமே அவருக்காகப் போட்டுவிடுகிறது. அதையும் அவர் வெளியே ஒப்படைத்திருக்கிறார்.