கேட்கப்படாத கேள்வி

பொருளியற் பாடநூல்களில் நாம் வழங்கும் சொற்கள் இரண்டு: கேள்வி, நிரம்பல். முன்னதைத் தமிழ்நாட்டார் தேவை என்பர். நம்மவர் சொல்லே நுட்பமானது என்பது என் எண்ணம். தேவை உள்ளே கிடப்பது; கேள்வி வாய்திறந்தபின் பிறப்பது.

கொழும்பிலே மாலை வகுப்பைவிட்டு நின்ற மாணவி ஒருத்தியிடம் காரணம் வினவினேன். "எட்டு மணிக்குப் பிறகு பஸ் இல்லை, சேர்" என்றாள். அப்பாதையில் வண்டி நடத்துவோரோ, இரவில் ஏறுவார் இல்லை, ஆகவே ஓட்டுவதில்லை என்கின்றனர். இரு கூற்றும் உண்மை. கொடுமையும் அதுவே.

பயணிகளைக் கணக்கெடுப்போர் வண்டிக்குள் இருப்போரை எண்ணுகின்றனர். தரிப்பிடத்துக்கே வராதவளை எங்கே நின்று எண்ணுவது? தூரத்து வேலையை வேண்டாமென்றவன், நாட்கூலியில் பாதியை முச்சக்கர வண்டிக்கு இறைப்பவன், நெரிசலிலே பிறர் கைகளுக்கு அஞ்சி வீட்டில் தங்கியவள், இவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு முறையேனும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 90 வீதம் என ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் கூறிற்று. அச்சமும் ஒரு கட்டணமே.

1958 ஜனவரி முதலாந் தேதி தனியார் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாகிப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபந் தராத பாதையிலும் வண்டி ஓடவேண்டும் என்ற நியாயம் அதிலே இருந்தது. சபையின் நிருவாகக் குறைகளை மறைப்பது நம் வேலையன்று. ஆனால், 1979இல் தனியாருக்கு மீண்டும் வழிவிட்டபின் பெருகிய வண்டிகள் நாளாந்த வசூலை நம்பியவை. அவை நிரம்பும்வரை காத்து நிற்கும். நிரம்பாத வேளையில் ஓடவே மாட்டா. சாரதிமீது எனக்குக் கோபமில்லை. உரிமையாளருக்குச் செலுத்தவேண்டிய தொகை அவன் தலைக்குமேல் தொங்குகிறது.

இன்று கைத்தொலைபேசிச் செயலியிலே வண்டி தேடிக் கிடைக்காது போனவனின் தேடலும் பதிவாகக் கூடியது. நிரம்பாத கேள்விக்கும் ஓர் ஏடு கிடைத்துவிட்டது, நல்லதே. ஆயினும் அது காசுள்ளவனின் கேள்வி. எரிபொருளின்றிக் கார்கள் முடங்கிய 2022இல், தரிப்பிடத்துக்கு வந்த கனவான்கள் சிலர் இந்நாட்டில் பஸ் போதாதே என்று வியந்தனர்!

எட்டு மணிக்கு ஒரு வண்டியை விட்டால் முதல் மாதம் அது வெறுமையாகவே ஓடும். போகமுடியாது என்று பழகிய மனம் உடனே வாசலைத் தாண்டாது. அவ்வெறும் இருக்கைகளின் செலவை யார் ஏற்பது? அன்று ஏறிய நாலு பேர்மீது சுமத்துவது அநீதி. அது பொதுப்பணத்தின் கடன் என்பேன். எத்தனை மாதம் என்று கணக்கர் கேட்கட்டும். ஓராண்டாவது என்று நாம் பேரம்பேசுவோம்.