முகம் தெரியாதவரோடு வாதாடும்போது



இரவுச் செபமாலை முடிகிறது. சாப்பாடும் ஆகிறது. பிள்ளைகள் படுக்கப் போய்விடுகிறார்கள். தகப்பன் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கிறார். எங்கோ இருக்கும், முன்பின் அறியாத ஒருவர் நாட்டு அரசியலைப் பற்றி முகநூலில் ஏதோ எழுதியிருக்கிறார். அது பிழையென்று இவருக்குப் படுகிறது. பதில் எழுதுகிறார். அவரும் விடுகிறாரில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் பேச்சு அரசியலை விட்டு விலகி, ஊருக்கும் சாதிக்கும் சமயத்துக்கும் பெற்ற தாய்க்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. சற்று முன் செபமாலை மணிகளை உருட்டிய அதே விரல்கள்தான் இதையும் எழுதுகின்றன.

இந்தத் தகப்பன் யாரோ ஒருவரல்லர். நம்மில் பலர் அவரே. நமது பிள்ளைகளும் அவரே.

அப்படியானால் முன்பின் அறியாதவரோடு வாதாடுவதே பாவமா? இல்லை. செயற்கை நுண்ணறிவு மனிதனின் தொழிலைப் பறிக்குமா, எந்தக் கட்சியின் கொள்கை ஏழைக்கு நன்மை தரும், நமது பண்பாட்டில் எதைக் காக்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்பவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. புனித சின்னப்பர் ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில் நாள்தோறும் நின்று, எதிர்ப்பட்டவர்களோடு வாதாடினார் என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. வாய்மூடி இருப்பதே புண்ணியம் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. ஆகவே, வாதாடலாமா என்பதல்ல கேள்வி. வாதாடும் வேளையில் எதிரே இருப்பவர் நமக்கு யார் என்பதே கேள்வி.

அருளப்பர் எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நடுப்பகல் வேளை. யாக்கோபின் கிணற்றடியில் யேசு நாதர் களைத்துப்போய் அமர்ந்திருக்கிறார். சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் மொள்ள வருகிறாள். யூதருக்கும் சமாரியருக்கும் இடையே பரம்பரைப் பகை. அந்தப் பெண்ணே வாதத்தைத் தொடக்குகிறாள்: ஆண்டவனை வழிபட வேண்டிய இடம் இந்த மலையா, யெருசலேமா? அது அந்நாளின் சமயச் சண்டை. அரசியல் சண்டையும் அதுவே.

யேசு என்ன செய்தார்? வாதம் தொடங்குமுன்னரே அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தார். தமக்கு ஒரு தேவை உண்டு, அதை அவளால் கொடுக்க முடியும் என்று முதலில் ஏற்றுக்கொண்டார். பிறகு உண்மையை மறைக்கவுமில்லை. மீட்பு யூதரிடமிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னார். அவளுடைய வாழ்க்கையின் குறையை அறிந்திருந்தும், அதைத் தடியாக எடுத்து அவளை அடிக்கவில்லை. அதனால் அவள் தோற்றவளாகத் திரும்பிப் போகாமல், குடத்தையும் மறந்து ஊராரை அழைத்துவர ஓடினாள். நாம் வெல்லும் வாதங்களின் முடிவில் எவராவது இப்படி மகிழ்ச்சியோடு ஓடியதுண்டா?

அன்பானவர்களே, இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சல்ல. நமது நாட்டிலே இதற்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கவில்லை. மூன்று வாரங்கள் சென்றன. மே 12ஆந் திகதி, கத்தோலிக்கர் பெருந்தொகையாய் வாழும் சிலாபத்தில், முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூல் வாக்குவாதமொன்றில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரியாதே, ஒருநாள் அழுவாய் என்பதே அதன் கருத்து. காயப்பட்டிருந்த மக்கள் அதை இன்னொரு தாக்குதலுக்கான முன்னறிவிப்பாக வாசித்தார்கள். பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல் விழுந்தது. ஊரடங்கு வந்தது. மறுநாள் கலவரம் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் மினுவாங்கொடைக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஒரு மனிதர் கொல்லப்பட்டார்.

சின்ன நெருப்பு எவ்வளவு பெரிய காட்டை எரித்துவிடுகிறது என்று புனித யாகப்பர் நாவைப் பற்றி எச்சரித்தது இதைத்தானே! அந்த வரியை எழுதியவரின் கடையடிக்குப் போய், "தம்பி, நீர் என்ன கருத்தில் இதை எழுதினீர்?" என்று ஒருவராவது அமைதியாகக் கேட்டிருந்தால்? எழுத்துக்கு முகம் இல்லை, குரல் இல்லை. பகிடியும் மிரட்டலும் அதில் ஒன்றுபோலவே தெரியும். கேளாமல் தீர்ப்பிடுகிறவன் நெருப்போடு விளையாடுகிறான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018ஆம் ஆண்டு மார்ச் 19ஆந் திகதி கையொப்பமிட்ட அர்ச்சிப்பு பற்றிய ஏட்டில், இதனையே சுட்டிக்காட்டினார். இணையத்திலே மற்றக் கட்டளைகளுக்காக வரிந்துகட்டி நிற்கும் கிறிஸ்தவர்கள் சிலர், எட்டாம் கட்டளையை முற்றாக மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் மனவருத்தம். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோமே; அது நாவுக்கு மட்டுமா? விரலுக்கு இல்லையா?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறர் பெயரைக் கெடுத்தவனுக்கும் திருச்சபை அதே கடமையைத்தான் விதிக்கிறது. பொய்ச் செய்தியொன்றை இருநூறு பேருக்கு அனுப்பியிருந்தால், அது பொய்யென்பதையும் அந்த இருநூறு பேருக்கும் அறிவிக்க வேண்டும். சத்தமில்லாமல் அழித்துவிடுவது பரிகாரம் ஆகாது.

இது இயலாத காரியமா? புனித பிரான்சிஸ்கு சலேசியாரைப் பாருங்கள். 1594ஆம் ஆண்டிலே அவர் கல்வீனிய மதத்தவர் வாழ்ந்த சப்லே பிரதேசத்துக்குப் போனார். மக்கள் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வரவில்லை. அவர் மனம் சோராமல், சொல்லவேண்டியதைத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழாக உள்ளே செருகிவிட்டார். முகம் தெரியாதவர்களோடு எழுத்தால் வாதாடியவர்தான் அவரும்! ஆனால் எழுதியதில் தமது பெயரை மறைத்து ஏச்சு வைக்கவில்லை. நியாயத்தை வைத்தார், அன்பை வைத்தார். நான்கு ஆண்டுகளில் அப்பிரதேசத்தவரில் பெரும்பாலோர் திருச்சபைக்குத் திரும்பினர். 1923ஆம் ஆண்டு பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளரின் பாதுகாவலராக அறிவித்தார். இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் எழுத்தாளரே; அவர் நமக்கும் பாதுகாவலரே.

ஆகவே பெற்றோரே, இளைஞரே, இவ்வாரம் மூன்று சிறு பிரதிக்கினைகள் செய்வோம். பதில் எழுதுமுன், "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று ஒருமுறை கேட்போம். கோயில் வாசலில் நின்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுவதை, பெயரை மறைத்து எழுதாதிருப்போம். கோபம் வந்தால் தொலைபேசியைக் கீழே வைத்து, நம்மோடு வாதாடுகிற அந்த முகம் தெரியாதவருக்காக ஓர் அருள்நிறைந்த மரியே சொல்வோம்.

அவருக்கும் ஒரு வீடு உண்டு. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவருக்காகவும் கிறிஸ்து நாதர் சிலுவையில் மரித்தார். இதை மறவாமல் எழுதுவோமாக. ஆமென்.