வாடகையும் விருந்தோம்பலும்

உலகம் ஒரு சத்திரம், நாமெல்லாம் ஓரிரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கர் என்னும் கருத்து மறையுரைகளில் அடிக்கடி ஒலிப்பது. எபிரேயர் திருமுகமும் மண்ணுலகில் மனிதர் அன்னியரே என்று பேசுகிறது. திருவொற்றியூரில் வாழ்வோருக்கு இதனைத் தனியே எடுத்துரைக்கத் தேவையில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராயிருந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தார் அடங்கிய இடமாக மக்கள் போற்றுவது இவ்வூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. ஆயினும் இவ்வுருவகம் தங்கிச் செல்பவரைப் பற்றியே பேசுகிறது. கூடத்தைப் பெருக்கி, குடத்தில் நீர் நிரப்பி, காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறாரே, அந்தச் சத்திரக்காரரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவர் செய்வது அறமா, வெறும் வணிகமா?

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் பங்கு மக்களுள் ஒருவர். துறைமுக வேலையில் இருப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், தாயாரின் சிகிச்சைக்காக மனைவி மக்களுடன் வேலூர் சென்றார். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்பதை வாசகர் அறிவர். அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. பெயர்ப் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் காணப்படும். வங்கத்திலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் எல்லை கடந்து வங்கதேசத்திலிருந்தும் வருவோர் நோயாளியோடு குடும்பத்தையும் அழைத்து வருகின்றனர். அடுப்பும் பாத்திரமும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். நான்கு சுவர்களுக்குள் ஒரு குடும்பம் சில நாள்களுக்குச் சமைத்து, துவைத்து, செபித்து, அழுது வாழ்ந்துவிட்டுப் போகும்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 பாகையைத் தாண்டுவது புதிதன்று. கடற்கரை மக்களுக்கு வெயில் பழக்கந்தான். ஆனால் பிற்பகலானால் கடற்காற்று வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு வாழ்பவர்கள் அவர்கள். வேலூரிலோ சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. அன்றிரவு மின்சாரம் நின்றது. முதியவருக்கு மூச்சு வாங்கியது. சிறு குழந்தை வீறிட்டது. விடுதிக்காரர் மாடிக் கதவைத் திறந்துவிட்டார். தரையில் வாளி வாளியாக நீர் ஊற்றிச் சூட்டைத் தணித்துப் பாய் விரித்தார். முதியவருக்கு மட்டும் கயிற்றுக் கட்டிலை மேலே ஏற்றிக் கொடுத்தார். தம் மனைவியின் பனையோலை விசிறியையும் கொண்டுவந்து தந்தார். மறுநாள் காலையில் கணக்கு முடிக்கும்போது நம் நண்பர் வாடகைக்கு மேல் நூறு ரூபாய் நீட்டினார். அவர் தயங்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாங்காமல் இருந்திருந்தால் அவரைக் கடைசிவரை மறந்திருக்க மாட்டேன், ஃபாதர், வாங்கிவிட்டாரே!" என்றார் நண்பர். அந்த ஒரு நோட்டினால் இரவு முழுவதும் நிகழ்ந்ததன் பொருளே மாறிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

இவ்வாறு எண்ணுவது அவர் மட்டுமல்லர். இலவசமாகச் செய்தால் அன்பு, பணம் பெற்றால் தொழில் என்று பிரித்துவிடுவது நம் வழக்கம். பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்றே பொருள். முன்பின் அறியாது புதிதாய் வருபவரே விருந்தினர்; உறவினர் அல்லர். வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்து, மோந்த அளவில் வாடும் அனிச்ச மலரை விருந்தினரின் மனத்தோடு ஒப்பிட்டார். உண்மைதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலவசமாகத் தங்குபவர், வீட்டாரின் முகக்குறிப்பையே ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியவர். வாடகை கொடுத்தவருக்கு அந்த அச்சம் இல்லை. நள்ளிரவில் கீழே இறங்கி, "ஐயா, அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது" என்று தட்டி எழுப்பும் துணிவை நம் நண்பருக்குத் தந்தது அவர் செலுத்திய வாடகையே. இம்மானுவேல் கான்ட் 1795இல் வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில், விருந்தோம்பல் என்பது கொடையன்று, உரிமை என்று வாதிட்டார். அவர் பேசியது நாடுகளுக்கிடையே செல்லும் அன்னியரைப் பற்றி. எனினும் ஏழையொருவர் விடுதி வாயிலில் தலை நிமிர்ந்து நிற்பதற்கும் அது பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

மறைநூலுக்கு வருவோம். லூக்கா நற்செய்தியாளர் இரண்டு வேறு கிரேக்கச் சொற்களை ஆள்கிறார். இயேசு பிறந்தபோது இடம் கிடைக்காத விடுதி 'கத்தாலுமா'. இறுதி இராவுணவுக்கான அறைக்கும் அதே சொல்தான். அது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாகவும் இருக்கலாம். நல்ல சமாரியர் உவமையில் வரும் சாவடியோ 'பாந்தொக்கெய்யோன்'. எல்லாரையும் ஏற்கும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். அது காசு கொடுத்துத் தங்கும் இடம்! குருவும் லேவியரும் விலகிச் சென்றபின், அடிபட்டவரை இரவு முழுவதும் வைத்திருந்தது அந்த வணிகக் கூரைதான்.

சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் நாள் கூலி என்பது திராட்சைத் தோட்ட உவமையால் விளங்கும். சாவடிப் பொறுப்பாளர் மறுக்கவில்லை, பெற்றுக்கொண்டார். அதற்காக அவரை யாரும் குறை கூறியதாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்து வருவதே நுட்பமானது. இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார் சமாரியர். யூதேய நாட்டுச் சாலையில் ஒரு சமாரியரின் வாக்கை நம்பிக் கடன் கொடுக்க வேண்டும். புண்ணுக்கு மருந்தும் வாய்க்குக் கஞ்சியும் இவ்வளவு போதும் என்று அளந்து நிறுத்தவும் கூடாது. புனித அகுஸ்தினார் இப்பொறுப்பாளரைத் திருத்தூதர் பவுலாக உருவகித்தார். அழகிய விளக்கமே. எனினும் உருவகத்தில் ஏறியபின் அந்த மனிதர் மறைந்துவிடுகிறார். அவர் தூக்கிய வாளியும் மறைந்துவிடுகிறது.

ஆதலால் நண்பரிடம் நாம் சொன்னது இதுதான். வாடகை அறைக்குரியது. நூறு ரூபாய் அவர் விரும்பிக் கொடுத்தது. விடுதிக்காரர் அதைத் தள்ளியிருந்தால், நண்பர் என்றென்றும் கடன்பட்டவராகவே ஊர் திரும்பியிருப்பார். வாங்கிக்கொண்டதால் இருவரும் சமமாய்ப் பிரிந்தனர். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. முழுதும் ஏற்றதாகவும் தெரியவில்லை.

வாடகை கொடுக்க இயலாதவர் நிலை என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். மேலே கூறிய வாதம் அங்கே நின்றுபோகிறது. நம் வடசென்னையிலேயே 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்ற எழுந்தது மணியக்காரர் சத்திரம். அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று முதியோர் அழைப்பதுண்டு. அன்று கஞ்சிக் கலயத்தோடு வரிசையில் நின்றவரிடம் தெனாரியம் இல்லை. அவருக்காக முன்பணம் கட்டிவிட்டு, மீதியைத் திரும்பி வந்து தருகிறேன் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்தச் சொல்லை நம்பிக் கதவைத் திறக்க இன்னொருவரும் வேண்டும். உவமையில் இருவரும் இருந்தனர். சமாரியர் திரும்பி வந்தாரா என்பதை லூக்கா எழுதவில்லை.