உன் பள்ளிக்குப் போ!

மூன்று வருடம் முன்பு அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்து, இன்று ஏதோ ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் உன்னோடுதான் பேசுகிறேன். "நான் என்ன பெரிய ஆளா, பிள்ளைகளுக்கு வழி சொல்ல?" என்று ஒதுங்கி நிற்கிறாயே, அந்தத் தயக்கத்தை இன்றே தூக்கி எறி!

பள்ளி விழாவுக்குக் கலெக்டர் வருவார். நன்றாகப் பேசுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் அவருக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இடையே ஒரு தலைமுறைத் தூரம். உனக்கும் அவளுக்கும் மூன்றே வருடம். உன்னை அதட்டிய அதே கணக்கு வாத்தியார்தான் அவளையும் அதட்டுகிறார். நீ ஏறிய அதே டவுன் பஸ்ஸில்தான் அவளும் வருகிறாள். "இந்த அண்ணனால் முடிந்ததே, என்னால் ஏன் முடியாது?" என்று அவளை நினைக்க வைக்க உன்னால் முடியும். மேடைப் பேச்சால் முடியாது.

உனக்குச் சாதாரணமாகத் தெரிவது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கணிதம் நூறும் அப்படியே; இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். அதில் எதை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது? வரிசை மாறினால் கிடைக்க வேண்டிய இடம் கைநழுவும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. "நம்மால் பணம் கட்ட முடியாது, கல்லூரி வேண்டாம்" என்று முடிவெடுத்துவிட்ட ஒரு வீட்டில் இந்த ஒரு செய்தி என்ன செய்யும் என்று யோசித்துப் பார்! மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தையும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் சேர்த்துச் சொல். அவளுடைய அப்பாவும் கேட்கும்படி சொல்.

இதையெல்லாம் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் பாதி வாசல் மூடியிருக்கும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. ஆகையால் காலாண்டு விடுமுறை முடிந்ததும் போ!

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் படிப்பை அவர்கள் தலையில் கட்டாதே. எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுங்கள் என்று முழங்கிவிட்டு வருவதற்கு நீ தேவையில்லை, ஊரே அதைச் சொல்கிறது. முதலில் கேள். என்ன பிடிக்கும், வீட்டில் என்ன சொல்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறாய் என்று கேள். பதில் வர நேரமாகும், பொறுத்திரு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது தெரிந்தாலே ஒருவன் கண்ணில் வெளிச்சம் வரும். தேர்வில் தவறியவனை விட்டுவிடாதே. அவனுக்காகத்தான் துணைத்தேர்வு இருக்கிறது. விண்ணப்பிக்கும் வரை அவன் கூடவே நில்.

"சம்பாதித்த பிறகு பள்ளிக்கு ஏதாவது செய்கிறேன்" என்று தள்ளிப் போடாதே. 2022-இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக முன்னாள் மாணவர்கள் நிதி தருகிறார்கள், வகுப்பறை எழுகிறது. நீயும் ஒருநாள் தருவாய், தர வேண்டும். ஆனால் இந்த வருடப் பன்னிரண்டாம் வகுப்பு உன் முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்காது. அவர்களுக்கு இப்போது தேவை உன்னுடைய இரண்டு மணி நேரமும் உன் போன் நம்பரும்தான்.

தலைமை ஆசிரியரைப் பார்த்து ஒரு சனிக்கிழமை கேள். உன்னோடு படித்தவர்களில் நர்சிங் போனவளையும் ஐடிஐ முடித்து வேலையில் இருப்பவனையும் கூட்டிக்கொண்டு போ. உன் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப் போ. முதல் செமஸ்டரில் அரியர் விழுந்திருந்தால் அதையும் அவர்களிடம் காட்டு, எப்படி எழுதித் தேறினாய் என்று சொல்!