குட்டிகளின் இறப்பும் வளர்த்தோன் வினையும்

நம்பால் முன்னர்ச் சித்தாந்த சாத்திரம் பாடங்கேட்ட அன்பர் ஒருவரின் மகனார் இப்போது அமெரிக்க நாட்டில் தொழில்புரிந்து வாழ்கின்றார். அந்நாட்டார் பலரைப்போல அவரும் சில பாம்புகளை இல்லத்திற் பேணி வளர்ப்பவர். அவற்றுள் ஒன்று சென்ற ஆண்டு 31 குட்டிகளை ஈன்றது. இரண்டு திங்களுக்குள் 19 குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. அவர் நமக்கெழுதிய கடிதத்தில், "ஐயா, காட்டிலும் இவற்றுட் பல சாவனவே, அவற்றின் விதி அவ்வளவே என்று நண்பர்கள் ஆறுதல் கூறுகின்றனர். என் மனம் ஆறவில்லை. இக்குட்டிகள் இறந்தது அவற்றின் வினையாலா, என் வினையாலா? தாங்கள் தெளிவிக்க வேண்டும்" என வினாவியிருந்தார்.

பாம்புக்குட்டிக்கு இத்துணை வருத்தமோ என நகுவாரும் இருப்பர். இவ்வினா பாம்பளவில் நிற்பதன்று. கன்றும் ஆட்டுக்குட்டியும் பேணும் நம் கொங்குநாட்டு வேளாண்மக்களுக்கும், ஓருயிரைத் தம் கைப்பொறுப்பில் வைத்திருக்கும் எல்லார்க்கும் இஃதுரியது. ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். அவர் வளர்ப்பது 'கார்ட்டர்' என அந்நாட்டார் வழங்கும் பாம்பு. காலுறையைப் பிணிக்கும் நாடாவையொத்த நெடுங்கோடுகள் உடலிற் பொருந்தியமையின் அப்பெயர் பெற்றது. நம் வாய்க்கால்களிற் காணப்படும் நீர்க்கோலிக்கு இஃது உறவினதே. ஆயின் நீர்க்கோலி முட்டையிடும், இது குட்டி ஈனும். நம் காடுகரைகளில் உள்ள கண்ணாடிவிரியனும் குட்டி ஈனுவதே. விரியன் வயிறு வெடித்து இறந்தே குட்டி ஈனும் என்பாருமுளர், அஃது உண்மையன்று. கார்ட்டர்ப்பாம்பு ஓரீற்றில் 10 முதல் 40 வரையும், சிற்சில வேளை அதனினும் மிகுதியாகவும் ஈனும். குட்டிகள் ஒரு சாண் நீளம் இருத்தலே அரிது. தாய் அவற்றைப் பேணுவதில்லை. காட்டில் அவற்றுட் பெரும்பாலன முதலாண்டு நிரம்புமுன்னரே பறவைக்கும் பிற விலங்குக்கும் குளிருக்கும் இரையாகின்றன. கூட்டில் அடைத்து வளர்ப்பார் கையில் அவை சாதற்குக் காரணங்கள் வேறு: நீர்ப்பசை இன்றி உடல் உலர்தல், சிறுவாய்க்கு ஏலாத உணவு, சூழ்வயிற்றுத் தாய்க்குப் போதிய வெப்பமின்மை, உடன்பிறந்தவற்றையே இணைத்தலால் வரும் மெலிவு முதலியன. எளிதிற் கிடைக்கின்றதென்று தங்கமீனையே இடைவிடாது ஊட்டுவாருமுளர். அம்மீனுடலில் உள்ள நொதி ஒன்று 'பி1' என்னும் உயிர்ச்சத்தைச் சிதைத்தலால், பாம்பு வலிப்புற்று மடியும்.

இனிச் சாத்திரத்திற்கு வருவாம். உயிர்கள் அநாதி, அவை அழிவன அல்ல. இறைவன் அவற்றின் வினைக்கேற்பத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிக்கின்றான். பல பிறப்பினும் ஈட்டிய சஞ்சிதத்தினின்று இப்பிறப்பின் நுகர்ச்சிக்கென வந்தது பிராரத்தம். இரண்டு திங்களே வாழ்ந்த ஒரு குட்டியின் உயிரும் தனக்குரிய பிராரத்தத்தை நுகர்ந்து, பருவுடலை விட்டு, நுண்ணுடலோடு பெயர்ந்ததேயன்றி வறிதே கழிந்ததன்று. அழித்தலாவது எய்த்த உயிரை இளைப்பாற்றும் அருட்செயல் என்பதே நம் சமயத்தின் துணிபு. இவ்வளவில், 'அவற்றின் விதி' என்ற நண்பர்கள் கூற்று உண்மையே.

அற்றாயின் வளர்த்தோனுக்குக் குற்றம் யாதுமில்லையோ எனின், ஆண்டுத்தான் பிழை புகுகின்றது. அவ்வாறு கொள்ளின், கொலைஞனும் "அவன் வினையை அவன் கழித்தற்கு உதவினேன்" எனலாம். தொட்டிற் குழவியைப் பட்டினியிட்டுக் கொன்றாளும் அங்ஙனமே கூறலாம். சாத்திரம் இதற்கு இடங்கொடாது. ஒரே நிகழ்ச்சி அதனைப் பட்ட உயிர்க்குப் பிராரத்தமாகவும், அதனைப் படுத்திய உயிர்க்கு ஆகாமியமாகவும் நிற்கும். பட்டது யார் என்பதற்கு விடையாக வந்த சொல்லைச் செய்தது யார் என்பதற்கு விடையாகக் கூறுதல், ஒருவன் பெற்ற கடன்சீட்டைக் காட்டி மற்றொருவன் தன் கடனைத் தீர்த்துக்கொள்ள முயல்வதையே ஒக்கும்.

செய்தவனும் தன் பிராரத்தத்தாலன்றோ செய்தான் எனின், அற்றன்று. உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உள. மலத்தால் மறைப்புண்டும், திருவருளால் ஓரளவு விளங்கியும் அவை தொழிற்படுகின்றன. அவ்வளவில் உயிர்க்கு உரிமை இல்லையாயின், 'இது செய்க, இது தவிர்க' என நூல்கள் விதித்ததும் விலக்கியதும் பயனிலவாய் முடியும்.

ஈண்டு ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுதும். கனடா நாட்டு மனிற்றோபா மாகாணத்தில் நார்சிசு என்னும் இடத்தருகே சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் இவ்வினப் பாம்புகள் பல்லாயிரம் ஒருங்குகூடிக் குளிர்காலத்தைக் கழிக்கும். 1999 ஆம் ஆண்டில் அவை உறைபனி எட்டாத ஆழத்திற்கு இறங்குமுன்னரே கடுங்குளிர் வந்து பல்லாயிரம் பாம்புகள் மாண்டன. அது பூதங்களின் வழி வந்தது. அதற்காக எவர்மேலும் பழியில்லை. ஆயின் அப்பாம்புகள் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில் ஊர்திகளின் சக்கரத்தில் அகப்பட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அவை இறந்துகொண்டிருந்தன. அந்நாட்டார் 'அவற்றின் விதி' என்று கூறி வாளாவிருந்தாரல்லர். சாலையோரம் வேலியிட்டு, சாலைக்கடியிற் சிறு குழாய்வழிகளும் அமைத்தனர். சக்கரத்தில் மடிவன பெரிதுங் குறைந்தன. வினைக்கொள்கையை அவர்கள் கற்றிலர். எனினும் அதன் உட்பொருளை அவர்கள் செயல் காட்டுகின்றது. ஓருயிர்க்குரிய வினைப்பயன் வருதல் உறுதி. அது நம் கைவழியே வருதல் உறுதியன்று. அக்கையை விலக்கிக்கொள்ளுதலே நமக்குரிய அறம்.

இது நூலிற் கற்றதன்று; பட்டறிந்தது. நாம் சிறுவராயிருந்தபோது தாராபுரத்தில் அமராவதியாற்றங்கரையிற் பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சை எடுத்துவந்தோம். பாற்சோறு ஊட்டினோம். மூன்றாம்நாள் அஃது இறந்தது. நாம் அழுதபோது எம் அப்பத்தாள், "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் கண்ணு" என்று தேற்றினார். அழுகை நின்றது. மறுவாரமே அப்பொந்திலிருந்து இன்னொரு குஞ்சை எடுத்தோம், அதுவும் மடிந்தது. அன்பினாற் சொல்லப்பட்ட அவ்வாறுதலில் பொய்யொன்றுமில்லை. எனினும் முதற்குஞ்சின் சாவுக்குக் கூறிய ஆறுதலே இரண்டாங்குஞ்சின் சாவுக்கு வழியாயிற்று. அறுபது கடந்த இவ்வயதிலும் அவ்விரண்டாங் குஞ்சே நம் நினைவை விட்டு நீங்காதிருக்கின்றது.

இனி, இதற்கு மறுதலையான பிழையும் ஒன்றுண்டு. "அனைத்தையும் யானே கொன்றேன்" எனக் கரைந்து நிற்றலும் 'யான்' என்னும் முனைப்பே. பிறப்பும் இறப்பும் தன் ஆணையால் நிகழ்வனபோலக் கருதுதல் இறைவன் தொழிலைத் தன் தலைமேற் போட்டுக்கொள்ளுதலாம். ஆதலின் நம் அன்பர் 19 சாவுகளையும் ஒரே தட்டில் இடாது பகுத்துக் காணல் வேண்டும். கருவிலேயே குறைபட்டு, எத்துணைப் பேணினும் தங்காதன சில. அவற்றின்பால் இரக்கமன்றிப் பழியில்லை. கேட்டறிந்திருந்தாற் பிழைத்திருக்கக் கூடியன சில. ஆண்டுள்ள குற்றம் அறியாமையன்று, அறிய முயலாமை. போதிய இடமும் நேரமும் தமக்கில்லை என்று அறிந்திருந்தும், நிறத்தின் அழகையோ விலையையோ விழைந்து இணைத்ததனால் இறந்தன உளவாயின், அவ்விழைவே ஆகாமியத்தின் வித்து. எது எவ்வகைத்து என்பதை அவர் மனமே அறியும்.

அங்ஙனமாயின் ஊர்வனவற்றை அடைத்துப் பெருக்குதலே தீதோ எனின், நோக்கம் பற்றி வேறுபடும் என்க. தாராபுரத்திற்கு நீர்தரும் இதே அமராவதியின் மேற்புறத்தில், அணையை அடுத்த அமராவதி நகரில், 1976 முதல் ஒரு முதலைப்பண்ணை உள்ளது. தோலுக்காக வேட்டையாடப்பெற்று முதலையினம் அருகியமையின், 1975 இல் நம் நாட்டில் அவ்வினத்தைக் காக்கும் திட்டம் தொடங்கிற்று. அதன்பின் எழுந்த இப்பண்ணையில், நீர்த்தேக்கத்தின் கரையிலிட்ட முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பித்துக் குஞ்சுகளை வளர்த்தனர்; வளர்ந்தவற்றுட் பலவற்றைக் காட்டுநீரில் விடுத்தனர். ஆண்டும் குஞ்சுகள் சில இறத்தல் இயல்பே. ஆயினும் அம்முயற்சி முதலையின் பொருட்டு. வீட்டிற் பாம்பு வளர்த்தல் பெரும்பாலும் வளர்ப்போன் மகிழ்ச்சியின் பொருட்டு. தன் மகிழ்ச்சிக்காக ஓருயிரைப் பிறப்பிக்க வழிசெய்தோன், முதலைக்கு முட்டை திரட்டியோனினும் மிக்க பொறுப்புடையன். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்த்தலை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விலக்கியது இவ்வகையில் நமக்கு நன்மையே.

அன்பர் தம் கடிதத்தின் இறுதியில், ஊரிலுள்ள தாயாரைக்கொண்டு அரசமரத்தடியில் ஒரு நாகக்கல் நிறுவுவித்தாற் குற்றம் நீங்குமோ எனவும் கேட்டிருந்தார். நாகக்கல்லை வழிபடுதல் நம் கொங்குநாட்டில் தொன்றுதொட்டு வருவது; அதனை நாம் இகழேம். ஆயினும் பாம்பு பாலுண்ணுவதன்று. அதற்கு வேண்டுவது நீர். உயிருள்ள குட்டி நீர்ப்பசை இன்றி உலர்ந்து இறக்க, கல்லுக்குப் பால் வார்த்தல் கழுவாயாகாது. செய்த பிழை எவ்வழி வந்ததோ அவ்வழியைத் திருத்துதலே கழுவாய்.

ஆதலின் அவர்க்கு நாம் எழுதிய விடை இதுவே: இறந்தவை தம் வினை கழிந்து சென்றன, அவற்றை இறைவன்பால் ஒப்புவித்து அழுகையை நிறுத்துக. ஆயின் அவ்வாறுதலைக் கொண்டு அடுத்த ஈற்றுக்கு முற்படற்க. ஒவ்வொன்றும் ஏன் இறந்ததென வல்லாரிடம் கேட்டறிக. அறிந்து திருந்தும்வரை மீண்டும் இணைத்தலைத் தவிர்க. எஞ்சிய 12 குட்டிகளும் நும் கையில் உள்ளன. உயிர்க்குச் செய்யும் உதவி பசுபுண்ணியம் எனப்படும். அவ்வுயிருள் நிற்கும் இறைவனை நினைந்து செய்யின் அதுவே சிவபுண்ணியமாம். நாள்தோறும் அவற்றின் நீர்க்கலத்தைக் கழுவி நிரப்புங்கால் திருவைந்தெழுத்தை ஓதுக.

திருச்சிற்றம்பலம்.